வலப்பக்கமும் திரும்பும் குதிரை

கில்ராட்டி, கால்வே
2 பிப்ரவரி 1994

என் அருமை மருமகள் ப்ரோனாவுக்கு,

உன் கடிதம் கண்டேன். தாண்டல் போட்டிக்கு முதல் குதிரை வாங்கப்போகிறாய், எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருக்கிறாய். பைபிள் கைக்கு அகப்படவில்லை. ஆகவே உருளைக்கிழங்கு விதைப் பட்டியல்மேல் வலது கையை வைத்துச் சத்தியம் செய்கிறேன்: இனி நான் எழுதப்போவதை அயர்லாந்தில் ஒரு ஜீவனும் நம்பாது.

என்னிடம் ஒரு குதிரை உண்டு. போன இலையுதிர் காலத்தில் சதுப்பு நிலத்து வேலியை நாங்கள் தாண்டியபோது, நான் மட்டும் தனியாகத் தாண்டிவிட்டேன். இடுப்பு இருபத்தேழு துண்டாயிற்று. படுத்தபடியே எண்ணினேன். அப்போது பிடித்த மழை நாற்பது நாள் விடவில்லை. வேறு குதிரையாக இருந்தால் வாலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி என் படுக்கையிலேயே படுத்திருக்கும். இதுவோ குடை மாதிரி என்மேல் நின்றது. ஒன்பதாம் நாள், அங்கே விறகுக்காக வெட்டிக் காயவைத்திருந்த கரிச்சேற்றைக் கொளுத்தித் தேநீர் போட்டது. பால் சற்று அதிகம். குறை சொல்ல மனம் வரவில்லை. (நான் மதுக்கடை வாசலில் வழுக்கி விழுந்ததாக உன் அம்மா பரப்பும் கதையை நம்பாதே.)

ஆகவே மகளே, எவ்வளவு உயரம் தாண்டும் என்று கேட்காதே. நீ விழுந்தால் என்ன செய்யும் என்று கேள்.

உன் அம்மாவிடம் என் அன்பைச் சொல். திருப்பி அனுப்புவாள், தெரியும்.

இப்படிக்கு,
மாமா ஃபெஸ்டஸ்

*

லிமரிக்
9 பிப்ரவரி 1994

அன்புள்ள மாமா,

தேநீர் போடும் குதிரை விலைக்கு இருந்தால் சொல்லுங்கள். எனக்குப் பால் குறைவாக வேண்டும்.

மாமா, விளையாட்டு போதும். போன ஜூலையில் இரவல் குதிரையில் மூன்றாம் வேலியில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்த நாளிலிருந்து, குறுக்குக் கம்பைப் பார்த்தாலே கடிவாளத்தை இழுத்துவிடுகிறேன். இன்னொரு முறை தப்பான குதிரை கிடைத்தால் சேணத்தை விற்றுவிட்டுப் பின்னல் வேலைக்குப் போய்விடுவேன். என்னிடம் ஒரு குதிரைக்கான பணமும் ஒரு குதிரைக்கான தைரியமும்தான் இருக்கின்றன.

உங்களிடம் கேட்டேன் என்றதும் அம்மா தட்டை மேசையில் வைத்த வேகத்தில் தட்டு இரண்டானது. "யாரு, ஃபெஸ்டஸா? அவன் இன்னிக்குப் புதன்கிழமைன்னு சொன்னா நான் காலண்டரைப் பாப்பேன்டி! உங்கப்பா தலையில கட்டினானே ஒரு குதிரை, இடப்பக்கம் மட்டுமே திரும்பும். கடைக்குப் போன மனுஷன் மாவட்டத்தையே சுத்திட்டு மூணு நாள் கழிச்சு வந்தாரு!"

அது பதினோரு வருஷக் கோபம். என்னால் ஆற்ற முடியாது. கண்ணில் இரண்டு குதிரைகள் பட்டிருக்கின்றன. ஒன்று டக்கன் என்ற வியாபாரியிடம் இருக்கும் சாம்பல் நிறக் குதிரை. பார்த்தால் மூச்சு நின்றுவிடும். இன்னொன்று செய்தித்தாள் விளம்பரத்தில் வந்த பழுப்பு, பதினாலு வயது. உங்கள் பக்கத்து வயல்காரர் கோல்மனுடையதாமே? ஒரே ஒரு கடிதமாவது உண்மையாக எழுதுங்கள்.

அன்புடன்,
ப்ரோனா

*

கில்ராட்டி
14 பிப்ரவரி 1994

ஐயம் தீராத மருமகளே,

சாம்பல் குதிரைதான்! சந்தேகமே வேண்டாம்! அதன் தாத்தா அட்லாண்டிக்கைத் தாண்டும்போது நடுவில் ஒரே ஒரு தீவில்தான் கால் வைத்தது. வெறும் சம்பிரதாயத்துக்காக, சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகப் போய் அதன் நெஞ்சைத் தொட்டுப் பார். முரட்டுத்தனம் தெரியாமலிருக்க விடியலிலிருந்து வட்டம் சுற்ற வைத்துக் களைத்துப்போக விட்டிருந்தால் அங்கே ஈரம் இருக்கும். இன்னொரு சம்பிரதாயம்: முதலில் விற்பவன் ஏறட்டும். அப்புறம் நீ ஏறி ஒரு சின்னத் தடைக்கு வேண்டுமென்றே தப்பாகக் கொண்டுபோ. கோபித்துக்கொள்கிறதா, மன்னிக்கிறதா என்று பார். கால்நடை டாக்டர் உன்னுடைய ஆளாக இருக்கட்டும், விற்பவனின் மைத்துனனாக வேண்டாம்.

கோல்மனின் பழுப்பா? சீச்சீ. வரி கட்டப் போகிறவன் முகம் அதற்கு. வயிறோ வைக்கோல் மூட்டை. அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. அப்படியே போனாலும் அதன் அடையாளப் புத்தகமான பாஸ்போர்ட்டில் நெற்றிச் சுழியும் கழுத்துச் சுழியும் படத்தோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடு. பின்பக்கங்கள் சலிப்பு.

என்றும் பொய்யறியாத,
மாமா

*

லிமரிக்
28 பிப்ரவரி 1994

அன்புள்ள மாமா,

டக்கன் லாயத்துக்கு ஒரு மணி முன்னதாகவே போனேன். பஸ் சீக்கிரம் வந்துவிட்டது என்றேன். (பொய் சொல்லும் பழக்கம் குடும்பத்தில் ஓடுகிறது.) நெஞ்சில் கை வைத்தால் சொட்டச் சொட்ட ஈரம்.

"என்னங்க இது?"

"பனிதாம்மா."

"லாயத்துக்குள்ளயா?"

"கூரை ஓட்டை."

அண்ணாந்து பார்த்தேன். புத்தம்புது தகரம். "சரி, முதல்ல நீங்க ஏறிக் காட்டுங்க" என்றேன். அவருக்கு முதுகுவலியாம். "உங்க சம்சாரம்?" என்றேன். "அவளுக்கும் என் முதுகுவலிதான்" என்றார். கும்பிடு போட்டுவிட்டு நேராகக் கோல்மனிடம் போனேன். நீங்கள் வேண்டாம் என்று சொன்னீர்களே, அதனால்தான் போனேன்.

பழுப்புக் குதிரையின் பெயர் பிஷப். கோல்மன் ஏறினார், அது கொட்டாவி விட்டது. நான் ஏறினேன். சொன்னபடியே ஒரு சின்னக் கம்புக்குக் கோணலாகக் கொண்டுபோனேன். அது ஒரு பெருமூச்சோடு தானே நேராகித் தாண்டியது. நானும் கூடவே தாண்டினேன் மாமா! கண்ணை மூடிக்கொண்டுதான், ஆனாலும் தாண்டினேன். சந்தோஷம் தலைக்கேறி இரண்டாம் கம்பில் காலை அங்கவடியிலிருந்து நழுவ விட்டேன், பொத்தென்று சேற்றில் விழுந்தேன்.

ஓடப்போகிறது என்று நினைத்தேன். என்னை நடுவில் விட்டு, நாலு காலையும் ஊன்றி எனக்கு மேலாக நின்றது. பெய்துகொண்டிருந்த மழை என்மேல் விழவில்லை. கழுத்தைத் தாழ்த்தி என் காதில் மூச்சு விட்டது. நான் எழும்வரை ஒரு குளம்புகூட அசையவில்லை.

உங்கள் முதல் கடிதம் நினைவுக்கு வந்தது. கோல்மனைக் கேட்டேன், "இது எவ்வளவு நாளா உங்ககிட்ட இருக்கு?"

"ரொம்ப நாளா இருக்கும்மா. செவ்வாய்க்கிழமையிலேர்ந்து."

"எந்தச் செவ்வாய்?"

"அதை மட்டும் கேக்காதே தாயி. கொடுத்த வாக்கு இருக்கு."

பாஸ்போர்ட்டில் சுழிகளைப் பார்த்தேன். சரியாக இருந்தன. பின்பக்கம் சலிப்பு என்றீர்களே, உடனே அதைத் திருப்பினேன். இந்த மாதம் எட்டாம் தேதி, செவ்வாய், குதிரை கோல்மன் பேருக்கு மாறியிருக்கிறது. அதற்கு மேல் ஒன்பது வருஷமாக ஒரே பெயர். யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா?

ஏன் மாமா?

ப்ரோனா

*

லிமரிக்
6 மார்ச் 1994

அன்புள்ள மாமா,

பதிலே இல்லை. நான் அறிந்தவரை நீங்கள் வாயடைத்துப் போனது இதுதான் முதல் முறை.

என் கால்நடை டாக்டர் பார்த்தார். "கண்ணு, காலு, மூச்சு எல்லாம் சரி. வயிறுதான் கொஞ்சம் பெருமைப்படுது" என்றார். வாங்கிவிட்டேன். யாருடையது என்று தெரிந்தே வாங்கினேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் மறைக்கவில்லை. பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு உங்கள் பெயரைப் படித்தார். தேநீர் ஆறிப் போகும்வரை பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

"இது வலப்பக்கம் திரும்புதா?"

"திரும்புதும்மா."

"நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு தடவை பாத்தேன்."

"அப்போ சரி" என்றார். ஆறிய தேநீரைக் குடித்துவிட்டு, "அவன் இடுப்பு இப்போ எப்படியிருக்காம்?" என்றார்.

பிஷப்போடு என் முதல் போட்டி மே நான்காம் தேதி. புதன்கிழமை.

அன்புடன்,
ப்ரோனா

*

கில்ராட்டி
11 மார்ச் 1994

என் கண்ணே ப்ரோனா,

அது என்னுடையது என்று நானே சொல்லியிருந்தால் உன் அம்மா வீட்டில் மிச்சமிருக்கும் தட்டும் உடைந்திருக்கும். நல்லது என்று புகழ்ந்திருந்தால் நீயே திரும்பிப் பார்த்திருக்க மாட்டாய். என் வாயால் வந்த புகழைச் சுமக்க எந்தக் குதிரைக்கும் முதுகு கிடையாது. அதனால் கோல்மன் கையில் கொடுத்து, விளம்பரமும் போடச் சொல்லி, வாயாரத் திட்டினேன். திட்டும்போது அது கோல்மன் வயலிலிருந்து ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மிகவும் சிரமமாக இருந்தது.

எலும்பு டாக்டர் இனி நான் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஏறாத ஆளிடம் நின்றால் பிஷப்புக்குத் தாண்டுவது மறந்துபோகும். ராத்திரிக்கு ஒரு கேரட் கொடு. நான் தினமும் நூறு கொடுத்ததாக அது சொல்லும், நம்பாதே.

மே நான்காம் தேதி வருகிறேன். உன் அம்மாவிடம் புதன்கிழமை என்று சொல்லிவிடு, காலண்டரையும் எடுத்துக்கொண்டு வரட்டும்.

இடுப்பு உடைந்தது ஒரே இடத்தில்தான். மழை நாற்பது நாள் இல்லை, மதியச் சாப்பாட்டிலிருந்து பால் கறக்கும் நேரம்வரை. கோல்மன் என்னைத் தேடி வந்தான். தேநீர் போட்டவனும் அவன்தான், பாலும் அவன் ஊற்றியதுதான் அதிகம்.

ஆனால் குதிரை நின்றது, மகளே. அது மட்டும் நிஜம்.

உன் மாமா,
ஃபெஸ்டஸ்