வாத்திடம் கேட்ட மன்னிப்பு

மே 28

இத்தனை வருடம் உண்மையைச் சொல்லாமல் இருந்தது போதும். வருடா வருடம் நாற்று நடவு முடிந்ததும் எங்கள் மியாவ் இன ஊரில் ஒரு கிழட்டு வாத்துக்குச் சிவப்புத் துணி கட்டி வீடு வீடாகத் தூக்கிப் போகிறார்கள். வீட்டுக்காரன் குனிந்து அதனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆயிரம் வருடத்து வழக்கமாம்! சொல்வது ஊர்த்தலைவன் வூ தெச்சாங், என் மனைவியின் அண்ணன்.

நடந்தது எனக்குத் தெரியும். ஊரைப் பார்க்க வந்த அதிகாரி ஒருவரின் பின்புறத்தை மச்சானின் வாத்து கொத்திவிட்டது. அவர் குடையை ஓங்கினார். "ஐயோ, அது எங்க முன்னோருங்க! மன்னிப்புக் கேட்டுடுங்க" என்றான் இவன். அந்த மனிதர் குனிந்தார். யாரோ படம் எடுத்தார்கள். ஆயிற்று, வழக்கம்.

மனைவிக்காக இதை மட்டும் வெளியே சொல்லவில்லை.

மே 30

ஊர் வழக்கங்களைப் பற்றி ஆய்வேடு எழுத ஷாங்காயிலிருந்து ஷென் யூச்சிங் என்ற மாணவி வந்திருக்கிறாள். வீட்டுக்குள் கழிப்பறை இருப்பது இங்கேதான் என்பதால் என் தலையில் கட்டிவிட்டான் மச்சான்.

ஊர் வாசலில் மாட்டுக் கொம்பில் அரிசிச் சாராயம் நீட்டினார்கள். பாவம், மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கினாள். கை பட்டால் முழுக் கொம்பையும் குடித்தாக வேண்டும். ஒருத்தரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து எங்கள் சேவலிடம் மன்னிப்புக் கேட்டாள்.

ஜூன் 2

நீள்மேசை விருந்து. என்னை வழக்கம்போல் மீன் வாளிக்குப் பக்கத்தில் கடைசியில் உட்கார வைத்தான் மச்சான். "மாப்பிள்ளை, அங்கதான் நல்லா காத்து வரும்!" யூச்சிங் காதில் ஆயிரம் வருடக் கதையையும் ஊற்றிக்கொண்டிருந்தான். இதை நம்பி எழுதினால் தேர்வாளர்கள் சிரிக்க மாட்டார்களா? படித்தவன், ஊர்ப் பள்ளி வாத்தியார், நான் இருந்தும் இந்தப் பொய் ஏட்டில் ஏறுவதா?

ஜூன் 4

யூச்சிங்கிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கிறாள்!

"தெரியும் சார். தலைவரே முதல் நாளே சொல்லிட்டாரு. ஒரு வழக்கம் எப்படிப் பொறக்குதுங்கிறதுதான் என் ஆய்வே."

அதோடு விட்டாளா?

"உங்களப் பத்தி ஒரு அத்தியாயமே இருக்கு சார். நீங்க மாடி ஜன்னல்லேருந்து திட்டினாத்தான் வாத்து கெளம்பும்னு ஊரே சொல்லுது."

வருடா வருடம் நான் திட்டுவது என் எதிர்ப்பு! அதையும் சடங்கில் சேர்த்துவிட்டார்களா? சரி. இந்த வருடம் மூச்சு விட மாட்டேன். எப்படிக் கிளம்புகிறது பார்க்கலாம்.

ஜூன் 5

விட மாட்டேன்.

ஜூன் 6

வாத்து கிளம்பும் நாள். மாடியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கீழே மேளம் நின்றது. ஊரே அண்ணாந்து பார்ப்பது இடுக்கில் தெரிந்தது. கிழவிகள் முணுமுணுத்தார்கள். யாரோ பையன், "வாத்தியாரு செத்துட்டாரா?" என்றான்.

"மாப்பிள்ளை! ஒடம்பு சரியில்லையா?" மச்சான் குரல், உண்மையிலேயே பயந்து. "ஒரே ஒரு வார்த்தை திட்டுங்க மாப்பிள்ளை. வாத்து காத்துக்கிட்டிருக்கு!"

எத்தனை நேரம்தான் பொறுப்பது?

"போங்கடா மடப்பசங்களா! வாத்துக்குப் பொறந்தவனுங்களா!"

ஒரே ஆரவாரம். மேளம் அதிர்ந்தது. யூச்சிங் கைதட்டினாள். மச்சான் கும்பிட்டான், கண்ணைத் துடைத்துக்கொண்டது போலவும் இருந்தது.

ஜூன் 7

நேற்றைய விருந்தில் என்னை மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அங்கே காற்றே வரவில்லை.

இந்தப் பக்கங்களைப் படியெடுத்து, பெயர் போடாமல் ஊர்க் கடைச் சுவரில் ஒட்டப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். படித்துப் பார்த்தாள். "பேர் போடாட்டியும் இந்த வசவு யாரோடதுன்னு அந்த வாத்துக்கே தெரியும்" என்றாள்.

தெரியட்டும். பெயர் போடாமல்தான் ஒட்டுவேன்.