புறங்கையால் தொட்டவள்

நாரணாபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகன் பாண்டிமுருகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவின் முட்டுவலி நீங்கலாக எல்லாரும் சுகம். அயர்லாந்துக் குளிரில் நீயும் மருமகள் அருணாதேவியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க மாரியம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போனில் பேசினால் நான் கத்திவிடுவேன், நீ உடனே மூச்சை இழுத்து விடுங்கம்மா என்பாய், எனக்கு இன்னும் ஆத்திரம் வரும், அதனால்தான் எழுதுகிறேன். உன் தங்கை அழகுமீனா இதைப் படம் பிடித்து அனுப்புவாள்.

நீ அனுப்பிய தியான வீடியோவைப் பார்த்துப் பத்து நாள் உட்கார்ந்து பார்த்தேன்டா. கண்ணை மூடினால் உலை கொதிக்கிற சத்தம், குழாயில் தண்ணீர் வந்துவிட்டதோ என்ற நினைப்பு, கம்பெனி வேனின் ஹாரன். உன் அப்பா வேறு, ஏ முத்துமாரி, சாமியாராப் போறதுன்னா காப்பியைப் போட்டு வச்சுட்டுப் போ என்று சிரிக்கிறார். மனசு நின்றால் பிறத்தியார் மேல் இரக்கம் தானாக வரும் என்று அந்த வீடியோவில் ஒருத்தர் சொல்கிறாரே, அவரை ஒருநாள் சீசன் நேரத்தில் எங்கள் பட்டாசுக் கம்பெனிக்குக் கூட்டி வா. தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரிக்கிறது, நாலு ரூமுக்கும் நான்தான் மேற்பார்வை, இதில் நான் எங்கே நிற்க, மனசு எங்கே நிற்க?

மருந்து ரூம் வாசலில் செப்புத் தகடு பதித்திருப்பது உனக்குத் தெரியும். ஒரு பொறி பட்டாலும் மருந்து வெடித்துவிடும், அதனால் உடம்பில் இருக்கிற கரண்டு இறங்க அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளங்கை முழுக்கப் பதிய வேண்டும் என்பது என் கண்டிப்பு. போன செவ்வாய்க்கிழமை செல்லக்கனி, அதான் கிழக்குத் தெருவில் புருஷன் இல்லாமல் ரெண்டு பிள்ளைகளை வளர்க்கிறாளே அவள், புறங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனாள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, அத்தனை பேர் முன்னாலும் வைதுவிட்டேன். உன்னால ஊரே போகும்டீ என்றேன். போர்மேன் வெள்ளைத்துரையிடமும் இவளுக்குக் கொஞ்சமும் கவனமில்லை என்று சொன்னேன். அவர் அன்றைக்கே அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். இந்தப் பக்கம் ஒருத்திக்குக் கவனமில்லாதவள் என்று பேர் வந்துவிட்டால் எந்தக் கம்பெனியிலும் கேட்டுக்குள் விடமாட்டார்கள். அது தெரிந்தும் சொன்னேன்.

வியாழக்கிழமை வேன் சீக்கிரமே வந்துவிட்டது, ரூம் திறக்கவில்லை. தகட்டில் கையை வைத்தபடி சும்மா நின்றேன். எதையும் நினைக்க வேண்டாம், இருப்பதைக் கவனித்தால் போதும் என்று சொன்னாயே, சரி என்று என் கையைக் கவனித்தேன். செம்பு சில்லென்று இருந்தது. அப்போதுதான் செல்லக்கனியின் கை ஞாபகம் வந்தது. விரலை மடக்கி உள்ளங்கையை மறைத்திருந்தாள், ஓரத்தில் மஞ்சள் அரைத்துப் போட்ட பத்து ஒட்டியிருந்தது. செவ்வாய்க்கிழமையே நான் அதைப் பார்த்தேன் முருகா, பார்த்தும் என் வாய் நிற்கவில்லை. விசாரித்தால் கஞ்சி வடிக்கும்போது கை வெந்துவிட்டதாம், காயத்தோடு வந்தால் மருந்தில் கைவைக்க விடமாட்டோம் என்று மறைத்திருக்கிறாள். வெள்ளைத்துரையிடம் கேட்டால், பொறங்கை பட்டாலும் கரண்டு எறங்கத்தான்க்கா செய்யும் என்று சாவகாசமாகச் சொல்கிறார். அதை அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனுஷன்?

நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். தெருவில் ஆள் நடமாட்டம் இருந்ததால் கொல்லைப்பக்கமாகப் போனேன், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். தப்பு என் மேலதான் தாயி, மனசுல வச்சுக்காதே என்றேன். இடது கையால் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. வைஞ்சது அம்புட்டுப் பேரு முன்னாடி, மன்னிப்பு மட்டும் கொல்லைப்பக்கமாக்கா என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வீடு தேடி வந்தவளிடம் பேசுகிற பேச்சா இது என்று விடுவிடுவென்று திரும்பி வந்துவிட்டேன். வந்து யோசித்தால் அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. முன்னெல்லாம் யாரையாவது வைதால் அத்தோடு மறந்துவிட்டுச் சாப்பிட உட்காருவேன். இப்போது சோற்றில் கைவைக்க முடியவில்லை. இதுதான் நீ சொன்ன நிம்மதியா? நல்லா அனுப்பினாய் போ வீடியோ.

நாளைக்குக் காலையில் வேலை தொடங்குமுன் எல்லாரையும் நிறுத்தி வைத்து, செல்லக்கனி மேல் தப்பில்லை, ஒன்றும் கேட்காமல் வைதது நான்தான், கை ஆறியதும் அவளைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று வெள்ளைத்துரை முன்னாலேயே சொல்லப்போகிறேன். மேற்பார்வையை வேறு ஆளுக்குக் கொடுத்தாலும் கொடுப்பார்கள். உனக்கு எதுக்குடீ வம்பு என்கிறார் உன் அப்பா. இருபது வருஷமாக அந்தக் கம்பெனியில் வாய்க்குப் பேர் போனவள் நான், இதை அடுப்படியில் தனியாக ஒருதரம் சொல்லிப் பார்த்தேன், பாதியிலேயே விட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டேன்.

நீயும் அருணாதேவியும் மனசு ஒத்து, ஒரு குறையும் இல்லாமல் இருக்க என் ஆசீர்வாதம். அவளுக்கு ரத்தம் கம்மி என்று சொன்னாயே, அங்கே கீரை கிடைத்தால் வாங்கிக் கொடு, மறந்துவிடாதே. இன்றைக்குப் படுக்குமுன் எனக்காக ஒரு நிமிஷம் சாமியை வேண்டிக்கொள். அமைதி கிமைதி எல்லாம் கேட்காதேடா, நாளைக்கு அத்தனை பேர் முன்னாலும் உங்க அம்மாவுக்கு வாய் வர வேண்டும் என்று கேள்.

இப்படிக்கு
உன் அம்மா
முத்துமாரியம்மாள்