கரண்டு போகாத ஞாயிற்றுக்கிழமை

நேற்று ஹட்டனில் போன் திருத்தும் கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் ஈயம் பற்றவைத்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நீ செத்து இரண்டு வருடமாகியும் என்னை முந்திக்கொண்டுதான் நிற்கிறாய்.

நோர்வூட் பக்கம் நம் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பரா புதிய கட்டடத்துக்கு மாறியதும் பழையது சும்மா கிடந்தது. அதில் இரைச்சலையே இசையாகப் போட்டுக்காட்டலாம் என்றாய். கொழும்பில் ஏதோ சின்னக் கலைக்கூடத்தில் கேட்டுவிட்டு வந்த பித்து அது. உடைந்த ரேடியோ, தகரத் துண்டு, நீயே ஈயம் வைத்து ஒட்டிய மைக், இவ்வளவுதான் உன் வாத்தியம். தோட்டத்தை நடத்தும் துரையிடம் மூன்று தடவை அலைந்து அனுமதி வாங்கியது நான். கோயில் ஸ்பீக்கரைக் கெஞ்சிக் கேட்டு வந்ததும் நான்தான். நோட்டீஸில் உன் பெயரைப் பெரிதாக எழுதிவிட்டு, "ஒம் பேரையும் போடுடி" என்று சொல்வாய் எனக் காத்திருந்தேன். "எழுத்து அழகா இருக்கு" என்று மட்டும் சொன்னாய்.

ஞாயிறு மத்தியானம் இடம் கொள்ளாத கூட்டம். நீ தகரத்தை உரசினாய், சுவர் அதிர்ந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அக்கா ஒருத்தி என் காதருகே கத்தினாள்: "நாங்க மெஷின்கிட்ட நின்னுக்கிட்டே கேக்குற சத்தந்தான். ஒக்காந்து கேக்குறது இன்னிக்குத்தான்!" அவள் கண்ணும் உன்மேல்தான். கதவோரம் நின்ற என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் மெயின் சுவிட்ச் இருந்தது. அணைத்துவிட்டேன்.

நீ அசடு வழிவாய், கூட்டம் கலையும் என்றுதான் நினைத்தேன். ஒருவரும் எழவில்லை. யாரோ ஒரு குழந்தைக்கு விக்கல், அது மட்டும் கேட்டது. நீ தகரத்தில் கை வைத்தபடி அப்படியே நின்றாய். எனக்குப் பயம் வந்துவிட்டது, சுவிட்சைப் போட்டேன். இரைச்சல் திரும்பப் பொங்கியதும் கூட்டம் விசிலடித்துக் கைதட்டியது.

"கரண்டு போனதுதான்டி இன்னைக்கி உசுரு!" என்று என்னைக் கட்டிக்கொண்டாய். அதற்குப் பிறகு எங்கே நடத்தினாலும், "நீ சுவிச்சுகிட்ட நில்லு, ஒனக்குத் தோணுறப்ப அணை" என்பாய். நானும் நின்றேன். முதல் நாள் கரண்டு போகவில்லை என்று உன்னிடம் கடைசிவரை சொல்லவில்லை.

போன மாதம் கந்தப்பளை வாசகசாலையில் சில பிள்ளைகள் இதே மாதிரி நடத்தினார்கள். நடுவில் சுவிட்சை அணைத்தார்கள். அந்த அமைதிக்கு உன் பெயரை வைத்திருக்கிறார்களாம். நான் உன் கூட்டாளி என்று தெரிந்து பக்கத்திலிருந்த பெண் கேட்டாள், "அக்கா, இத அவங்க எப்புடிக் கண்டுபிடிச்சாங்க?"

அந்த அமைதி என்னுடையது என்றால் ஏன் அணைத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன்.

"அவ கண்டுபிடிக்கல. நாந்தான் அணைச்சேன், பொறாமையில."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அவங்க கூட்டாளிங்க எல்லாருமே இப்புடித்தான் பகிடியாப் பேசுவீங்களா?" என்றாள்.

கேட்டாயா? ஒப்புக்கொண்டும் உன் கணக்கிலேயே போய்விட்டது. இனி யாரிடமும் சொல்லப்போவதில்லை. அந்த அமைதியை நீயே வைத்துக்கொள். பொறாமை என்னுடையது, அதை மட்டும் தரமாட்டேன்.