திரையைப் பார்த்துச் சொன்ன பதினொன்று

இல்லை, அப்பா சோதனையில் தேறிவிட்டார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, எப்படித் தேறினார் என்பதில்தான். மற்றபடி இங்கே இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

தீயணைப்பு நிலையத்தில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு வருடாவருடம் சோதனை. நகராத சைக்கிளை மிதிக்க வேண்டும். மார்பில் பட்டை, எதிரே திரையில் இதயத் துடிப்பு. நடுவில் சோதிக்கிற பெண் கேட்பாள், எவ்வளவு சிரமமாக இருக்கிறது, ஆறுக்கும் இருபதுக்கும் நடுவே ஒரு எண் சொல்லுங்கள் என்று. ஆறு என்றால் சும்மா இருப்பது. இருபது என்றால் இனி முடியாது. அந்த எண்ணையும் துடிப்பையும் சேர்த்துத்தான் உடம்பின் தெம்பை மதிப்பிடுகிறார்கள். உன் அப்பா பதினொன்று என்றாராம், திரையில் நூற்றுப்பத்து, "ரெண்டும் அப்படியே ஒத்துப்போகுது சார், உங்களுக்கு முப்பது வயசுன்னு எழுதிடலாம்" என்றாளாம். வந்ததிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டார்.

அங்கேதான் எனக்கு உறுத்தியது. இந்த மனிதர் சொல்வதும் இருப்பதும் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. மூன்றாம் மாடியில் நம் வீட்டுக்கு ஏறும்போது இரண்டாம் மாடியில் நின்று அறிவிப்புப் பலகையைப் படிக்கிறார். தண்ணீர்த் தொட்டி கழுவும் தேதி. அது போன வருடத்துத் தேதி. நேற்று கூடவே ஏறி, இப்போது எத்தனை என்று கேட்டேன். ஒன்பது என்றார். அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு மூச்சு வாங்கினார்.

பிறகு சட்டைப்பையில் மாத்திரை அட்டை. ரத்த அழுத்தத்துக்கு, ஒரு மாதமாக, எனக்குத் தெரியாமல். "இதைப் போட்டா துடிப்பு அவ்வளவா ஏறாதுக்கா" என்றார் மருந்துக்கடைக்காரர். சோதனைப் படிவத்தில் உன் அப்பா மருந்து எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறார். சரி, நூற்றுப்பத்து மாத்திரையுடையது. பதினொன்று யாருடையது? உன் அப்பாவிடமே கேட்டேன். "திரையைப் பாத்தேன், கடைசி சைபரை விட்டுட்டுச் சொன்னேன், உன் பொண்ணு சொன்ன கணக்குதான்" என்றார்.

நீ உடற்பயிற்சிக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். போன ஞாயிறு போனில் இருவரும் சிரித்தது இதற்குத்தானா? நான் வந்ததும் பேச்சு மழைக்கு மாறியது. எண் ஏன் ஆறில் தொடங்குகிறது என்று கேட்டிருப்பார், சைபர் சேர்த்தால் ஏறக்குறையத் துடிப்பு என்று நீயும் சொல்லியிருப்பாய். அதுவரை சரி. மாத்திரை உனக்குத் தெரியுமா? தெரியும் என்றாலும் எழுது, தெரியாது என்றாலும் எழுது. திங்கட்கிழமைப் பணியில் முகமூடியும் காற்றுச் சிலிண்டருமாகப் புகைக்குள் போகிறவர் அவர். அங்கே பார்த்துச் சொல்லத் திரை இருக்காது.

நன்றாக இரு கண்ணு. ஊருக்குச் சொல்கிற ஓய்வை உன் முழங்காலுக்கும் கொடு. எங்கள் இருவர் ஆசியும் உனக்கு உண்டு, என்னுடையதில் கொஞ்சம் கோபம் கலந்திருக்கிறது.

அம்மா

இதை எழுதி முடித்து, அட்டையை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். சோதித்த பெண்ணிடம் காட்டினேன். திங்கட்கிழமைப் பட்டியலில் அவர் பெயரை அடித்தாள். திரும்பியபோது உன் அப்பா இரண்டாம் மாடியில் நின்றிருந்தார். சொன்னேன். பிறகு நானும் பக்கத்தில் நின்று பலகையைப் படித்தேன்.