சித்தப்பா விற்கிற ஜெல்

திருமுல்லைவாயில்

அன்புள்ள பிரியாவுக்கு,

அம்மா எழுதறேன். நானும் அப்பாவும் நல்லாத்தான் கீறோம், அங்க குளிரு ஜாஸ்தின்னியே, உடம்பைப் பாத்துக்கோ. உன் சித்தப்பன் சிவராமன் பண்ண கூத்தை போன்ல சொன்னா கத்திடுவேன், அதான் எழுதறேன். நீ ஜெல் ஆராய்ச்சிக்கு ஜெர்மனி போனப்போ, இத்தினி படிச்சிட்டு ஜெல்லி கிண்டப் போறாளேன்னு ஊரெல்லாம் சிரிச்ச அதே ஆளு, இப்போ ஸ்டேஷன் பக்கத்து மண்டபத்துல உன் போட்டோவைப் போட்டு பேனர் கட்டி, ஒரு சொட்டு ரத்தத்துல கேன்சரைக் கண்டுபிடிக்கிற ஜெல்லுன்னு முகாம் நடத்தறான். காசு குடுத்தா எதையும் விக்கிற மூஞ்சி. கீழ் வீட்டு ராணி அத்தைக்கு மார்ல கட்டி, பயந்து பயந்து யாருக்கும் சொல்லாம இருந்தவங்க, உன் முகத்தைப் பாத்து நம்பிப் போயிருக்காங்க. ஒண்ணுமில்லன்னு சீட்டு எழுதிக் குடுத்து அனுப்பிட்டான். அவங்க சந்தோஷத்துல எனக்கு கேசரி கொண்டாந்தப்பதான் விஷயமே தெரிஞ்சுது. அன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துகினு போனேன். கேன்சர்தான். ஆபரேஷன் ஆயிடுச்சு, பரவலைன்னு டாக்டர் சொன்னாரு, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா சொல்றதுக்கில்லைன்னும் சொன்னாரு.

அப்புறம் அவன் வேப்பம்பட்டுல அடுத்த முகாம் போட்டான். நேரா போனேன். உன் ஜெல்லு இன்னாத்தைப் பிடிக்கும்னு எல்லார் முன்னாடியும் அவனைக் கேட்டேன். எல்லாத்தையும் பிடிக்கும் அண்ணின்னு இளிக்கிறான், அல்பம். கட்டி ரத்தத்துல விடற தடயத்தை ஜெல் உறிஞ்சிப் பிடிச்சு வெச்சுக்கும், ஆனா ஆராய்ச்சி இன்னும் முடியல, கட்டி இருந்தா ஆஸ்பத்திரிதான் போவணும்னு நீ சொன்னதை அப்படியே கத்திச் சொன்னேன். வரிசை கலைஞ்சுது. சாயங்காலம் ஊட்டுக்கு வந்து, குடும்ப மானம் போச்சுன்னு அழுவறான். அவனுக்கு அந்த வார்த்தை வாயில வருது பாரு.

போலீஸ்ல புகார் எழுதினேன். தம்பியாச்சேன்னு உங்கப்பா கையெழுத்து போடாம டிவி பாத்துகினு உக்காந்துட்டாரு, அவரையும் சேர்த்துத்தான் திட்டறேன். உனக்கும் அந்த முகாமுக்கும் சம்பந்தமில்லன்னு நீயும் எழுதி அனுப்பு, மறந்துடாதே. வேலையை அவசரப்படுத்தாதே, சரியா வர்றப்போ வரட்டும். வேளைக்குச் சாப்பிடு, நல்லா இருப்பே.

புகார்ல என் பேருக்குக் கீழே ராணி அத்தை கையெழுத்து போட்டாங்க. ஆபரேஷன் ஆன பக்கம், வலது கை இன்னும் தூக்க வரல, இடது கையால போட்டாங்க.

உன் அம்மா,
நாகவல்லி