தண்ணீர் தெளித்த கணக்கு

இன்று காலை பிள்ளைகள் கோவை இலை வைத்துச் சிலேட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பச்சை வாசம் மூக்கில் ஏறியதும் உங்கள்மேல் கோபம் வந்தது. இறந்துபோன புருஷன்மேல் கோபப்படலாமா என்று பாதிரியார் கேட்பார். அவருக்கென்ன, அவரா உங்களோடு குடித்தனம் நடத்தினார்?

உங்களுக்கு எதுவும் பையத்தான், மெதுவாகத்தான். கூரை ஒழுகினாலும் பைய, உலை கொதித்து வழிந்தாலும் பைய. சேரிப் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்தால் எங்கள் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்று ஊர்க்காரர்கள் வந்து நின்றபோதும் அதே பைய. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓலைச் சாய்ப்பு ஒன்று இறக்கி, சேரிப் பிள்ளைகளை அங்கே உட்கார வைத்தீர்கள். "இப்பம் படிக்கட்டும் ஏட்டி, பெறகு உள்ள கூப்பிடுவோம்" என்றீர்கள். நீங்கள் உள்ளே பாடம் நடத்தினீர்கள், நான் சாய்ப்பில் நடத்தினேன். அந்தப் 'பெறகு' இன்னும் வந்தபாடில்லை.

பரீட்சையில் எத்தனை பேர் தேறுகிறார்கள் என்று பார்த்துத்தான் சர்க்கார் அந்நாளில் பள்ளிக்கு உதவிப்பணம் தரும். அதனால் நம் வட்டாரத்து வாத்தியார்கள் பரீட்சையன்று மந்தமான பிள்ளைகளை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிடுவார்கள். பக்கத்து ஊர்க் கெட்டிக்காரப் பிள்ளைகளை இரவல் வாங்கி உட்கார வைப்பவர்களும் உண்டு. நீங்கள் உலகத்தில் இல்லாத மனுஷர். நடவு வயல் வரப்பில் போய் நின்று, பெற்றவர்களிடம் கெஞ்சி, காலில் சேறு காயாத பிள்ளைகளையெல்லாம் கூட்டிவந்தீர்கள். அன்றைக்கு மட்டும் உங்களிடம் பைய இல்லை.

சாய்ப்பில் முதல் பிள்ளை முத்துப்பேச்சி. நான் கணக்கைச் சொல்லி முடிக்குமுன் அவள் குச்சி ஓடும். அவள் தேறிவிட்டால் பாளையங்கோட்டை விடுதியில் சேர்த்துக்கொள்வதாக மிஷனில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். தேறாவிட்டால் தாயோடு வயலில் இறங்க வேண்டியதுதான். அவளுக்கும் அது தெரியும்.

பரீட்சையன்று இன்ஸ்பெக்டர் உள்ளே இருந்த பிள்ளைகளின் சிலேட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். சாய்ப்புக்கு வந்தவர் வாசலோடு நின்று, அங்கிருந்தே கணக்கைச் சொன்னார். பிள்ளைகள் எழுதி முடித்து, சிலேட்டைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றார்கள். சிலேட்டுகளை எடுத்துக் கொடுக்க ஊர்த் தலையாரி ஒரு செம்புத் தண்ணீரோடு வந்தான். பெரிய மனுஷர் கைக்குப் போகிற பொருளாயிற்றே, தீட்டுக் கழிய வேண்டாமா? வரிசையாக ஊற்றிக்கொண்டே போனான். ஒருவரும் ஏவவில்லை, அவனுக்கு அதுதான் பழக்கம். தீட்டும் போயிற்று, விடையும் போயிற்று.

"ஒண்ணும் எழுதக் காணுமே, வாத்தியாரே" என்றார் இன்ஸ்பெக்டர்.

எழுதியதை என் கண்ணால் பார்த்தேன், இன்னொருமுறை எழுதச் சொல்லுங்கள் என்று நான் கெஞ்சினேன். இருட்டுமுன் அடுத்த ஊர் சேர வேண்டும் என்று அவர் வண்டி ஏறிவிட்டார். நீங்கள் கைகட்டி நின்றீர்கள். வண்டி திரும்பிய பிறகு என்னிடம் வந்து, "ஏட்டி, நாம சண்ட போட்டா பள்ளிக்கூடத்த மூடிருவாவ. பெறகு ஒரு பிள்ளையும் படிக்காது" என்றீர்கள். முத்துப்பேச்சி தேறவில்லை என்று தாள் வந்தது. மறுநாளே அவள் நாற்றுக்கட்டோடு வயலில் நின்றாள். நான் அந்த வழியாகப் போவதை விட்டுவிட்டேன்.

அப்புறம் நீங்கள் ஒரு வேலை செய்தீர்கள். சாயங்காலந்தோறும் சாய்ப்புக்கு வந்து, பிள்ளைகளை எல்லாக் கணக்கும் வாயாலேயே போட வைத்தீர்கள். அடுத்த வருஷமும் தலையாரி தண்ணீர் ஊற்றினான். ஆனால் பிள்ளைகள் நின்ற இடத்திலிருந்தே விடையை உரக்கச் சொல்லித் தேறிவிட்டார்கள். மிஷனில் உங்களை மெச்சினார்கள். எனக்கோ வயிறு எரிந்தது. ஊர்ப் பிள்ளை ஒருதரம் படித்தால் போதும். நம் பிள்ளை எழுதவும் படித்து, எழுதியது அழியும் என்று நெட்டுருவும் போட வேண்டும். இது என்ன நியாயம் என்று சோறு போடும்போது கேட்டேன். நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தீர்கள்.

அந்தக் கோடையில் மலையடிவாரத்துக் காய்ச்சல் வந்து நாலைந்து நாளில் போய்ச் சேர்ந்தீர்கள். அதில் மட்டும் என்ன அவசரம்?

போன சனிக்கிழமை பாளையங்கோட்டையில் வாத்தியார்கள் கூட்டம். புது இன்ஸ்பெக்டர் நம் வட்டாரத்துத் தேர்ச்சியை வகுப்புவாரியாக வாசித்தார். பிராமணர், மற்ற இந்துக்கள், முகமதியர், கிறிஸ்தவர் என்று வந்து, கடைசியில் பஞ்சமர், அதாவது சேரிப் பிள்ளைகள். அவர்களுக்குப் படிப்பு ஏறாது, அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்றார். சபை முழுக்கத் தலையாட்டியது.

நான் எழுந்தேன். "அந்தப் பிள்ளைக எழுதுனத யாரும் பாக்கலய்யா. தண்ணிய ஊத்துன பெறகுதான் பாத்திய."

முன்பெல்லாம் கூட்டத்தில் நான் எழுந்தால், ஆண்கள் பெஞ்சிலிருந்து நீங்கள் இருமுவீர்கள். போதும், உட்கார் என்று அதற்கு அர்த்தம். எவ்வளவு எரிச்சலோடு உட்கார்ந்திருக்கிறேன் தெரியுமா? அன்றும் என்னை அறியாமல் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இருமவில்லை. முத்துப்பேச்சி என்று ஒரு பிள்ளை இருந்தாள் என்று தொடங்கி, முழுவதையும் நின்றபடியே சொன்னேன். உட்கார் என்று சொல்ல எனக்கு யாருமில்லை.