பழைய பேட்டரி

என் செல்ல மகளுக்கு,

முதலீட்டாளர்களின் இணைய விவாதக் குழுவில் ஆறு மாதமாக உன்னிடம் மல்லுக்கு நிற்கும் ‘பழைய பேட்டரி’ நான்தான். திட்டாதே.

நான் பங்கு வைத்திருந்த செல்போன் கம்பெனியின் கதை முடிந்தது, வருஷா வருஷம் கேமராவை மட்டும் மாற்றிக் காலம் தள்ளுகிறார்கள் என்று யாரோ புனைபெயரில் எழுதியிருந்தார்கள். கடைசி வரியில், “போங்க, நீங்களும் உங்க கணக்கும்!” என்றிருந்தது. உன் அம்மா என்னிடம் சண்டையில் சொல்வது அது; அவள் போன பிறகு இந்த வீட்டில் அதைச் சொல்ல ஆளில்லை. நீதான் என்று தெரிந்துவிட்டது. உடனே எதிர்த்து எழுதினேன்.

நான் போன் செய்தால், “மீட்டிங்ல இருக்கேன்பா” என்று வைத்துவிடுவாய். பேட்டரிக்கோ பக்கம் பக்கமாகப் பதில் போட்டாய்.

நீ சொன்னதுதான் சரி. என் பங்குகளை இரண்டாம் வாரமே விற்றுவிட்டேன். ஒத்துக்கொண்டால் நீ எழுதுவதை நிறுத்திவிடுவாய், அதனால் பிடிவாதம் பிடித்தேன்.

நேற்று, “ஐயா, வீட்ல பசங்க இருந்தா அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க” என்று எழுதியிருந்தாய்.

என்னிடம் விற்க ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் கேட்கிறேன்: விற்கட்டுமா, வைத்திருக்கட்டுமா? நிதானமாகச் சொல்லம்மா.

உன் அப்பா